வட்டச் செல் கட்டி என்று ரிப்போர்ட்: ரத்த மார்க்கர் டெஸ்ட் எடுக்கலாமா, இம்யூனோவுக்கு அனுப்பலாமா?

கெடிலக்கரை | ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டுக் கருப்பனுக்கு ஏழு வயது. நாட்டு நாய்க்கும் லாப்ரடாருக்கும் பிறந்தவன். வலது விலாவில் இரண்டு மாதமாக ஒரு கட்டி. மேலே மயிர் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது, தொட்டால் நெல்லிக்காய் மாதிரி உருளுகிறது. சாப்பாட்டிலும் ஓட்டத்திலும் குறையில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனால் இன்னும் நண்டு துரத்துகிறான்.

இங்கே டாக்டர் ஊசியால் குத்தி உறிஞ்சி, ஸ்லைடில் தடவிப் பார்த்தார். ரிப்போர்ட் இரண்டே வரி: "வட்டச் செல் கட்டி. வகை பிரிக்க இம்யூனோ பரிந்துரைக்கப்படுகிறது." இதற்குள் ஒரு லேப்காரர் போன் செய்து, ரத்தத்திலேயே கேன்சர் புரதம் பார்க்கும் பேக்கேஜ் இருக்கிறது, கத்தியே வைக்க வேண்டாம், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொள்கிறோம் என்கிறார். இவருக்கு என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்பது தனிக் கதை.

புரத மார்க்கர் என்றால் என்ன, இரண்டில் எதை முதலில் செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய நகரம் | ஞாயிறு, இரவு 10:05

ரத்த டெஸ்ட் எடுங்கள் சார். வாயில்லா ஜீவனுக்கு எதற்குக் கத்தி? கட்டியைக் குத்தினாலே பரவிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

பாகூர் ஏரி | ஞாயிறு, இரவு 11:12

தம்பி, அவசரப்பட்டு அந்த பேக்கேஜுக்குப் பணம் கட்ட வேண்டாம். நான் கட்டி ஏமாந்தேன்.

எங்கள் பொமரேனியனுக்குப் போன வருடம் காய்ச்சல், கழுத்துப் பக்கம் நெறி கட்டியிருந்தது. ரத்தம் எடுத்துப் போனார்கள். சிஆர்பி என்ற புரதம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, கேன்சர் சந்தேகம் என்று கலர் கலராக ரிப்போர்ட் வந்தது. வீட்டில் ஒரு வாரம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் பார்த்தால் உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் கொடுத்தோம், நெறியும் வடிந்தது, சிஆர்பியும் இறங்கியது.

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. அதற்கு முன்னால் வளர்த்த ராணிக்கு மடிக்காம்பில் கட்டி. ஒரு இடத்தில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எடுத்த கட்டியைத் தட்டில் வைத்துக் காட்டினார்கள், "பாருங்கம்மா, முழுசா வந்துடுச்சு" என்று. எலுமிச்சம்பழம் அளவு. நாங்களும் கும்பிட்டுவிட்டு வந்தோம். கட்டி போன இடம் குப்பைக்கூடை. எட்டு மாதத்தில் நுரையீரலுக்குப் போய்விட்டது. என்ன வகை என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

வில்லியனூர் வெட் | திங்கள், காலை 6:30

கிளினிக் திறக்கும் முன் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் இரவுதான் முடியும்.

முதலில், குத்தினால் பரவும் என்ற பேச்சு. தோல் கட்டியில் மெல்லிய ஊசி போட்டதால் பரவுவது மிக மிக அரிது. சிறுநீர்ப்பைக் கட்டியை மட்டும் வயிறு வழியாகக் குத்தத் தயங்குவோம். விலாவில் இருக்கும் நெல்லிக்காய்க்கு அந்தப் பயம் தேவையில்லை.

அடுத்து மார்க்கர். இந்தப் பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, கட்டியின் செல்லில் இருக்கும் புரதத்தை ஆன்டிபாடி கொண்டு தேடி நிறம் ஏற்றிப் பார்ப்பது. உங்கள் ரிப்போர்ட்டில் இம்யூனோ என்று போட்டிருப்பது இதைத்தான். மற்றது, ரத்தத்தில் மிதக்கும் புரதத்தை அளப்பது. முதலாவது "நீ யார், எந்த ஊர்" என்று கேட்கும். இரண்டாவது பெரும்பாலும் "தெருவில் ஏதோ சத்தம் கேட்கிறது" என்பதோடு நின்றுவிடும்.

திருநெல்வேலிக்காரர் முப்பது வருடம் கடலூரில் இருந்தாலும், கோபம் வந்தால் வாயில் "ஏலே" வந்துவிடும். செல்லும் அப்படித்தான். உருவம் கெட்டுப் போனாலும் பிறந்த திசுவின் புரதம் ஒன்றிரண்டை விடாமல் வைத்திருக்கும். தோல், சுரப்பி, குடல் உள்வரி வழி வந்தது என்றால் சைட்டோகெராட்டின். இணைப்புத் திசு வழி என்றால் விமென்டின். தசையில் டெஸ்மின். ரத்தக்குழாய் உள்வரியில் சிடி31. கறுப்பு நிறமே இல்லாமல் வாயில் வரும் மெலனோமாவை மெலன்-ஏ அல்லது பிஎன்எல்2 வைத்துப் பிடிப்போம்.

வட்டச் செல் கட்டி என்பது ஒரு நோயின் பெயரே இல்லை. மைக்ராஸ்கோப்பில் உருண்டை உருண்டையாகத் தனித்தனியே தெரியும் நாலைந்து கட்டிகளுக்குப் பொதுவான வாசல் அது. லிம்போமா என்கிற நெறிச் செல் புற்று, மாஸ்ட் செல், ஹிஸ்டியோசைட்டோமா, பிளாஸ்மா செல், அப்புறம் தெருநாய்களின் பிறப்புறுப்பில் நாம் அடிக்கடி பார்க்கும் டிவிடி (TVT) என்ற தொற்றுக் கட்டி. இவற்றைப் பிரிக்கத்தான் ஆன்டிபாடி வரிசை போடுவது. டி-செல் லிம்போமா என்றால் சிடி3. பி-செல் என்றால் சிடி20, சிடி79ஏ, பேக்ஸ்5. மாஸ்ட் செல்லுக்கு கிட், அதற்கே சிடி117 என்றும் பெயர். பிளாஸ்மா செல்லுக்கு மம்1. ஹிஸ்டியோசைட் வழிக்கு ஐபிஏ1. ஒன்றை மட்டும் போட்டு முடிவு சொல்ல முடியாது. மோசமான கட்டி சில நேரம் "ஏலே"யையும் மறந்துவிடும். அதனால் எது ஏறுகிறது என்பதோடு எது ஏறவில்லை என்பதையும் சேர்த்துத்தான் படிப்போம்.

கெடிலக்கரை சார், ஒரு கேள்வி. கட்டி எப்போதும் ஒரே அளவில் இருக்கிறதா? யாராவது ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா?

பழைய நகரம் | திங்கள், காலை 8:15

எல்லாம் சரி டாக்டர். மனிதர்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுக்கு பிஎஸ்ஏ என்ற புரதத்தை ரத்தத்தில்தானே பார்க்கிறார்கள்? நாய்க்கு மட்டும் ஏன் கூடாது? எல்லாவற்றுக்கும் வெட்டு வெட்டு என்றால் எப்படி?

சிப்பிப்பாறைக்காரர் | திங்கள், காலை 8:21

பிஎஸ்ஏ ஏறினாலும் அடுத்து ஊசிதான் அண்ணே. என் மாமாவைக் கேளுங்கள், உட்கார முடியாமல் கதை சொல்வார்.

வில்லியனூர் வெட் | திங்கள், மதியம் 2:50

கூடாது என்று சொல்லவில்லை. எந்தக் கேள்விக்கு எடுக்கிறோம் என்பதுதான் விஷயம்.

ஒரு கணக்குக்கு மட்டும் சொல்கிறேன், எந்தக் கம்பெனி எண்ணும் இல்லை. வெளிக்கு நன்றாக இருக்கும் ஆயிரம் நாய், அதில் பத்துக்கு உள்ளே கட்டி என்று வையுங்கள். டெஸ்ட் பத்தில் எட்டைப் பிடிக்கிறது. கட்டி இல்லாத நாய்களில் நூற்றுக்கு ஐந்தைத் தப்பாகக் கட்டி என்று சொல்கிறது. மீதி 990 நாயில் ஏறக்குறைய ஐம்பது வீடுகளில் அழுகை. பாசிட்டிவ் வந்த 58 பேரில் நிஜம் எட்டு. பாகூர் அக்கா வீட்டில் ஒரு வாரம் அடுப்பு எரியாததற்கு இதுதான் காரணம்.

சிஆர்பி அழற்சி எதுவாக இருந்தாலும் ஏறும். உண்ணிக் காய்ச்சல், கர்ப்பப்பைச் சீழ், கடித்த புண் எல்லாமே அதில் அடங்கும். நம் பக்கம் உண்ணி இல்லாத நாய் எங்கே இருக்கிறது? உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமிக் காய்ச்சலில் நெறியும் வீங்கும், மண்ணீரலும் வீங்கும். லிம்போமாவுக்கு மாறுவேடம் போட்ட மாதிரி இருக்கும்.

தைமிடின் கைனேஸ் என்று ஒரு என்சைம். செல் பெருகும்போது டிஎன்ஏ செய்யத் தேவைப்படுவது. லிம்போமாவில் ரத்தத்தில் ஏறும். கீமோ வேலை செய்தால் இறங்கும், நோய் திரும்பும்போது மறுபடி ஏறும். கண்டுபிடிக்க என்பதை விட, ஏற்கெனவே தெரிந்த நோயைப் பின்தொடர நல்ல ஆள். நியூக்ளியோசோம் டெஸ்ட்டும் வந்திருக்கிறது. ஹிஸ்டோன் புரதத்தில் சுற்றிய டிஎன்ஏ துண்டுகளை அளக்கிறது. லிம்போமா, ரத்தக்குழாய்ச் சார்கோமா போன்றவற்றில் நன்றாக ஏறும், ஆனால் பெரிய அழற்சியிலும் ஏறும். சாப்பாடு போட்டுவிட்டு எடுத்தாலும் கணக்கு கெடும், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். சிறுநீரில் பார்க்கும் பிளாடர் கட்டி ஆன்டிஜெனும் இதே ரகம். சிறுநீரில் ரத்தமோ கிருமியோ இருந்தால் கட்டி இல்லாமலே பாசிட்டிவ் காட்டும்.

கருப்பனுக்குக் கட்டி இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. கையில் தட்டுப்படுகிறது. அது யார் என்பதுதான் கேள்வி. அதை ரத்தத்தில் தேடுவது, வாசலில் நிற்பவரை விட்டுவிட்டுப் பக்கத்துத் தெருவில் விசாரிப்பது போல.

கெடிலக்கரை | திங்கள், இரவு 9:02

நன்றி டாக்டர். ஸ்டீராய்டு எதுவும் போடவில்லை. அளவு பற்றிக் கேட்டீர்களே, அது உண்மை. காலையில் நெல்லிக்காய், மதியம் பையன் அதைப் பிடித்து நோண்டினால் சாயங்காலம் எலுமிச்சை. சுற்றிலும் சிவந்து, சூடாக இருக்கும். மறுநாள் பழையபடி. கொசு கடித்திருக்கும் என்று விட்டுவிட்டோம்.

வில்லியனூர் வெட் | திங்கள், இரவு 9:10

பையனை முதலில் நோண்டாமல் இருக்கச் சொல்லுங்கள்.

நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் தேய்த்தால் வீங்கி, அப்புறம் வற்றும் கட்டி என்றால் மாஸ்ட் செல்லைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அந்தச் செல்லுக்குள் அலர்ஜியைக் கிளப்பும் ஹிஸ்டமின் மூட்டை மூட்டையாக இருக்கிறது. அழுத்தினால் கொட்டும். சில நாய்களுக்கு அதனால் வயிற்றில் புண் வந்து கறுப்பாக மலம் போகும்.

உங்கள் டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஸ்லைடுக்கு எந்தச் சாயம் போட்டார்? சாயம் போடாத ஸ்லைடு மிச்சம் இருக்கிறதா?

ஸ்லைடு பெட்டி | செவ்வாய், காலை 5:55

நான் பாண்டியில் திசு லேப் டெக்னீஷியன். மனிதத் திசுதான் என் வேலை. நாய் மாதிரி எப்போதாவது வரும்.

டாக்டர் எதற்குச் சாயத்தைக் கேட்டார் என்று புரிகிறது. கிளினிக்குகளில் இருக்கும் மூன்று பாட்டில் உடனடிச் சாயம் சில மாஸ்ட் செல் மணிகளை ஏற்றாது. அப்படியே வெறும் உருண்டையாகத் தெரியும், "வட்டச் செல்" என்று ரிப்போர்ட் போகும். அதே செல்லுக்கு ஜீம்சாவோ டொலுய்டின் ப்ளூவோ போட்டால், நாவற்பழத்தை நசுக்கித் தெளித்த மாதிரி ஊதா மணிகள் தெரிய வாய்ப்பு உண்டு. இம்யூனோவை ஒப்பிட்டால் அந்தச் சாயத்துக்கு ஆகும் செலவு டீக்காசு.

மனித லேபிலேயே நாய்க்கு இம்யூனோ போட்டுத் தருவீர்களா என்று பலர் கேட்கிறார்கள். ஆன்டிபாடி மனிதப் புரதத்துக்கு என்று செய்தது. சிலது நாய் புரதத்தையும் பிடிக்கும். பொதுச் சைட்டோகெராட்டின், விமென்டின், கிட் போன்றவை அப்படி. சிலது பிடிக்காது. மனித லிம்போமாவுக்குக் கொடுக்கும் ரிடுக்சிமாப் சிடி20-ஐப் பிடிக்கும் மருந்து, ஆனால் நாயின் சிடி20-இல் ஒட்டுவதில்லை. அதனால் "ஏறவில்லை" என்று வந்தால் புரதம் இல்லையா, ஆன்டிபாடிக்கு நாய் பாஷை தெரியாதா என்று சொல்ல முடியாது. கூடவே நல்ல நாய்த் திசு ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ட்ரோலாக ஓட்டும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும். குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சென்னையில் வேப்பேரி கல்லூரி இருக்கிறது. எந்தெந்த ஆன்டிபாடி கைவசம் என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

சிப்பிப்பாறைக்காரர் | செவ்வாய், காலை 7:40

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட் பக்கம் நான் சோறு வைக்கும் ஆண் நாய்க்கு அந்த இடத்தில் காலிஃபிளவர் மாதிரி ரத்தம் ஒழுகும் கட்டி. அதற்கும் இம்யூனோவா?

வில்லியனூர் வெட் | செவ்வாய், காலை 8:05

பெரும்பாலும் டிவிடி. ஊசி ஸ்லைடில் செல்லுக்குள் நுரை மாதிரி குமிழிகள் வரிசையாகத் தெரிந்தால் போதும். வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து வாரம் ஒரு ஊசி, நாலு முதல் ஆறு வாரம். பெரும்பாலும் கரைந்துவிடும்.

நாய்க்கு நாய் செல்லாகவே தொற்றும் கட்டி அது. பல ஆயிரம் வருடத்துக்கு முன் செத்துப்போன ஏதோ ஒரு நாயின் செல் இன்னும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. சாதாரண நாய்க்கு 78 குரோமோசோம் என்றால் இதற்கு அறுபதுக்குக் கீழேதான். பிடித்துக்கொண்டு வந்தால் பார்க்கலாம், வாய்க்கட்டு போட்டுக் கொண்டுவாருங்கள்.

கெடிலக்கரை | வியாழன், இரவு 8:30

ஸ்லைடு பெட்டி சொன்னதுதான் நடந்தது. உடனடிச் சாயம்தான் போட்டிருந்தார். மிச்சம் இரண்டு ஸ்லைடு இருந்தது. டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று தயங்கித்தான் கேட்டேன், ஆனால் அவரே ஆர்வமாக ஜீம்சா போட்டுவிட்டு என்னையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். நடுவில் நீல உருண்டை, சுற்றிலும் ஊதாப் பொடி. சில செல் வெடித்து, ரங்கோலி மாவை ஊதிவிட்ட மாதிரி மணிகள் சிதறிக் கிடந்தன. மாஸ்ட் செல் கட்டி.

அப்படியானால் இம்யூனோ செலவு மிச்சமா?

வில்லியனூர் வெட் | வியாழன், இரவு 10:20

பெயர் கண்டுபிடிக்க இனி தேவையில்லை. ஆனால் ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரிய வேண்டும். மாஸ்ட் செல்லில் வெட்டி எடுத்தால் முடிந்துவிடுவதும் உண்டு, ஆறு மாதத்தில் ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் போவதும் உண்டு. ஊசியில் வந்த செல்லை மட்டும் வைத்துத் தரத்தை உறுதியாகச் சொல்வது கஷ்டம், முழுத் திசு வேண்டும். 2011 முதல் தாழ் தரம் (சாது), உயர் தரம் (முரடு) என்று இரண்டாகப் பிரிக்கும் முறை வந்தது. மைக்ராஸ்கோப்பில் நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கும் பத்துப் புலங்களில் மொத்தம் ஏழு அல்லது அதற்கு மேல் செல் பிரிவு தெரிந்தாலே உயர் தரம். வேறு சில அடையாளங்களும் உண்டு.

மார்க்கர் வேலை அதற்கப்புறம். கிட் புரதம் நல்ல மாஸ்ட் செல்லில் விளிம்பில் இருக்கும். செல்லைச் சுற்றி வளையல் போட்டது போல் பழுப்புக் கோடு, அதை ஒன்றாம் வகை என்போம். நியூக்ளியஸ் பக்கத்தில் குவிந்தால் இரண்டு, உள்ளே முழுக்கப் பரவினால் மூன்று. இரண்டும் மூன்றும் சங்கடமான செய்தி. அதே புரதம்தான், இருக்கும் இடம் மாறினால் அர்த்தம் மாறுகிறது. எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த விஷயம் இது.

கூடவே கி-67. பெருகிக்கொண்டிருக்கும் செல்லின் நியூக்ளியஸில் மட்டும் தெரியும் புரதம். கீல் என்ற ஜெர்மன் ஊரில் கண்டுபிடித்ததால் கி, தட்டில் 67-வது குழியில் கிடைத்ததால் 67. நம் ஊரில் கண்டுபிடித்திருந்தால் பா-67.

கிட் ஜீனில் கோளாறு இருந்தால் டொசெரானிப் மாதிரி மாத்திரை நன்றாகக் கேட்கும். 2009-இல் அமெரிக்காவில் நாய்களின் புற்றுநோய்க்கு என்றே முதன்முதலாக அனுமதி வாங்கிய மருந்து அது. இப்போதைக்கு அது தூரத்துப் பேச்சு. பக்கத்து நெறியையும் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள், ஆபரேஷனுக்கு முன் அலர்ஜி ஊசி போடச் சொல்லுங்கள், சுற்றிலும் நல்ல தோலைச் சேர்த்து அகலமாக எடுக்கச் சொல்லுங்கள். தோண்டி எடுக்கும் வேலை இதற்கு ஆகாது.

ஸ்லைடு பெட்டி | வியாழன், இரவு 11:45

எடுத்ததை அனுப்பும் விதம் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். லேபில் தினம் அழுவது இதற்குத்தான்.

திசுவைப் போல பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். பத்து சதவீத பஃபர் ஃபார்மலின். சலைனில் போடாதீர்கள், ஸ்பிரிட்டில் போடாதீர்கள், ஃப்ரீசரில் வைக்கவே வைக்காதீர்கள். கட்டி பெரிதாக இருந்தால் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு. ஆனால் ஓரம் எது என்று தெரிய டாக்டர் நூல் கட்டிக் குறி வைக்க வேண்டும். அகல வாய் பாட்டில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். ஒருமுறை குறுகிய வாய் பாட்டிலில் திணித்து அனுப்பியிருந்தார்கள். உள்ளே போகும்போது இட்லி, மறுநாள் ரப்பர் பந்து. பாட்டிலை உடைத்துத்தான் எடுத்தோம். வாரக்கணக்கில் ஃபார்மலினிலேயே ஊறினாலும் புரதம் மூடிக்கொண்டுவிடும். சிட்ரேட் கரைசலில் வேகவைத்துத் திறக்கப் பார்ப்போம், ஆனாலும் ஒரு அளவுதான்.

ஊசி ஸ்லைடையும் ஃபார்மலின் பாட்டிலையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். ஆவி பட்டாலே ஸ்லைடு கெட்டுவிடும், சாயம் நீலப் புகையாக நிற்கும்.

பஃபர் ஃபார்மலின் அங்கே கிடைக்காவிட்டால் பாண்டி வாருங்கள், நான் ஒரு பாட்டில் தருகிறேன்.

மட்டுறுத்துநர் | வெள்ளி, காலை 9:00

மருந்து அளவு கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். போன் நம்பர்களைப் பொதுவில் போட வேண்டாம், தனிச் செய்தியில் பேசிக்கொள்ளுங்கள்.

கெடிலக்கரை | 19 நாள் கழித்து, இரவு 9:15

தாமதத்துக்கு மன்னியுங்கள். ஆபரேஷன் முடிந்து, ரிப்போர்ட்டும் வந்துவிட்டது.

ஃபார்மலின் வாங்கப் பாண்டி பஸ்ஸில் போய்த் திரும்பும்போது, மது பாட்டில் தேடும் சாவடியில் இறக்கிவிட்டார்கள். தண்ணீர் மாதிரி இருப்பதைப் பார்த்து ஒருவர் மூடியைத் திறந்து மூக்குக்குக் கொண்டுபோனார். நான் வேண்டாம் என்பதற்குள் கண்ணீர் கொட்டிவிட்டது. "போய்யா, போய்யா" என்று பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

ரிப்போர்ட்: மாஸ்ட் செல் கட்டி, தாழ் தரம். கிட் ஒன்றாம் வகை. கி-67 குறைவு. நெறியில் எதுவும் இல்லை. ஆனால் ஒரு பக்க ஓரத்தில் நல்ல தோல் இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கிறதாம். மறுபடி வெட்டலாமா, மாதா மாதம் தடவிப் பார்த்துக் காத்திருக்கலாமா என்று டாக்டரும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்காரம்மா காத்திருக்கலாம் என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை.

வில்லியனூர் வெட் | இரவு 10:40

இரண்டுமே தப்பில்லை. இந்த ரிப்போர்ட்டுக்கு நானாக இருந்தால் முதலில் தழும்பைக் கவனிப்பேன். தழும்பு ஓரத்தில் மிளகு அளவு தடித்தாலும் உடனே ஊசி. முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெறியையும் பார்க்க வேண்டும். உங்களுக்குத் தூக்கம் வராது என்றால் மறுபடி எடுத்துவிடலாம், விலாவில் தோலுக்குப் பஞ்சமில்லை.

பழைய நகரம் | இரவு 10:52

நல்லபடியாக இருக்கட்டும் சார். அந்த பேக்கேஜ்காரர் எனக்கும் போன் செய்தார். என்னிடம் நாயே இல்லை.

ஸ்லைடு பெட்டி | இரவு 11:30

லேபிலிருந்து பாரஃபின் பிளாக்கை, அதாவது திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியை, கேட்டு வாங்கிவிட்டீர்களா? சிலர் ஒரு வருடத்தில் கழித்துவிடுவார்கள். அது இருந்தால் பத்து வருடம் கழித்தும் புதுச் சாயம் போடலாம். வெயில் படாத இடத்தில் வையுங்கள், உருகிவிடும்.

கெடிலக்கரை | மறுநாள், காலை 6:10

இரண்டு பிளாக் தந்தார்கள். தீப்பெட்டியை விடச் சின்னது, வெள்ளை மெழுகுக்குள் கொட்டைப்பாக்குச் சீவல் மாதிரி ஒரு துண்டு. பீரோவில் ரேஷன் கார்டு வைக்கும் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். தையலை நக்காமல் இருக்க மாட்டிய கழுத்து வளையத்தைக் கருப்பன் கடித்துத் துப்பிவிட்டான், அதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.

சிப்பிப்பாறைக்காரர் | காலை 6:34

பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை அறுத்து, ஓரத்துக்குத் துணி சுற்றி மாட்டுங்கள். வாளியைக் கடிக்க வாய் எட்டாது.